நூறு ரூபா எப்படி வந்துச்சு?

இன்னைக்கு எபிசோடுல கொஞ்சம் பெரிய வார்த்தை ஒண்ண எடுத்துக்கலாம்னு இருக்கேன்: நேர்மையான பிஸினஸ். இதக் கேட்டதும் மனசுல என்ன படம் வருது? ஒரு கம்பெனி மரக்கன்னு நடுது. எல்லாரும் ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு பீச்ச சுத்தம் பண்றாங்க. ஒரு ஸ்கூலுக்கு ஆளுயர செக் கொடுத்து போட்டோ எடுத்துக்கறாங்க. இதெல்லாம் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் பேச வந்தது இதைப் பத்தி இல்ல.

நம்ம நாட்டுல 2013 கம்பெனிகள் சட்டத்துல 135-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு அளவுக்கு மேல பெரிய கம்பெனியா இருந்தா, முந்தின மூணு வருஷத்து சராசரி நிகர லாபத்துல குறைஞ்சது 2 சதவீதத்த சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும். ஆபீஸ்ல சிஎஸ்ஆர்னு சொல்றாங்களே, அது இதுதான். நல்ல சட்டம். ஆனா ஒண்ணு கவனிங்க. லாபம் கைக்கு வந்ததுக்கு அப்புறம், நூத்துல ரெண்டு ரூபா எங்க போகுதுன்னுதான் இந்தப் பிரிவு கேக்குது. அந்த நூறு ரூபா எப்படி வந்துச்சுன்னு இது கேக்கறதில்ல.

எனக்கு அந்த ரெண்டாவது கேள்விதான் முக்கியமா படுது. ஒரு பிஸினஸ் நேர்மையானதா இல்லையாங்கறது நன்கொடை ரசீதுல தெரியாது. காசு வர்ற வழியில தெரியும். இன்னைக்கு முழுக்க அந்த வழியப் பத்திதான் பேசப்போறோம்.

கேன்சல் பட்டன் எங்க?

முதல்ல நம்ம தொழில்லயே ஆரம்பிக்கலாம். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். கேக்கற உங்கள்ல பாதிப் பேரு அதே வேலையிலதான் இருப்பீங்க. ஒரு ஆப்புல சேர்றதுக்கு ஒரே ஒரு பட்டன், வெளிய போறதுக்கு ஏழு ஸ்கிரீன். டிக்கெட் போடும்போது நாம கேக்காமலே இன்சூரன்ஸ் பில்லுல ஏறியிருக்கும். 'இன்னும் ரெண்டு ரூம்தான் பாக்கி'ன்னு சிவப்பு எழுத்துல மிரட்டும். அடுத்த வாரம் போய்ப் பார்த்தாலும் அதே ரெண்டு ரூம் பாக்கி இருக்கும்.

ஹாரி பிரிக்னல்னு ஒரு டிசைனர் 2010-ல இதுக்கு 'டார்க் பேட்டர்ன்'னு பேர் வச்சாரு. நம்ம மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்ல இந்த மாதிரி 13 வகையப் பட்டியல் போட்டு, இதெல்லாம் கூடாதுன்னு விதிமுறை கொண்டு வந்துச்சு. போலி அவசரம் காட்டறது, கூடைக்குள்ள பொருளத் திணிக்கறது, சந்தாவுல சிக்க வைக்கறது எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு.

இதையெல்லாம் யாரோ கெட்டவங்க உக்காந்து எழுதறாங்கன்னு நினைக்காதீங்க. எழுதறது நம்மள மாதிரி ஆளுங்கதான். திங்கக்கிழமை காலையில ஒரு டாஷ்போர்டு காட்டுவாங்க. போன மாசம் கேன்சல் பண்ணினவங்க எண்ணிக்கை கூடியிருக்கும். 'இத எப்படிக் குறைக்கலாம்?'னு மீட்டிங். யாரும் ஏமாத்தணும்னு சொல்ல மாட்டாங்க. 'ஃப்ரிக்‌ஷன் கொஞ்சம் கூட்டலாம்'னு சொல்லுவாங்க. அந்த வார்த்தையில ஒரு டிக்கெட் உருவாகும். புதன்கிழமை கோட் ரிவ்யூ, வெள்ளிக்கிழமை ரிலீஸ். தப்பு நடக்குதுன்னு யாருக்கும் தோணுற மாதிரி ஒரு நிமிஷம்கூட இந்த அஞ்சு நாள்ல வராது. அதான் இதுல பயமான விஷயம்.

அதனால நான் வச்சிருக்கற முதல் சோதனை இது: கஸ்டமருக்கு எல்லா விஷயமும் முழுசா தெரிஞ்சிட்டா, நம்ம வருமானம் குறையுமா? குறையும்னா, அவர் ஏமாந்ததுலதான் நம்ம வருமானம் வருது.

டிபன் கணக்கு

இப்ப எதிர்ப்பக்கத்துல இருந்து ஒரு நியாயமான கேள்வி வரும். 'நேர்மை எல்லாம் சரி மச்சி, ஆனா ஆறு மாசத்துல கடைய மூடணுமே?' இந்த வரிய எங்கிட்ட அப்படியே கேட்டது என் காலேஜ் ஃப்ரெண்டு. வேலைய விட்டுட்டு சென்னையில மாசச் சந்தாவுல மதியச் சாப்பாடு கொடுக்கற ஒரு சின்ன பிஸினஸ் ஆரம்பிச்சான். கையில இருந்தது சில மாசத்துக்கான சேமிப்பு மட்டும்தான்.

அவனுக்கு ஒருத்தர் கொடுத்த ஐடியா: மாசம் 3,000 ரூபா முன்கூட்டியே வாங்கிடு. சாப்பிடாத நாளுக்குக் காசு திருப்பித் தராதே. லீவு சொல்ற வசதிய ஆப்புல எங்கயாவது உள்ள ஒளிச்சு வை. அடுத்த மாசம் தானா புதுப்பிக்கற மாதிரி வச்சிடு. சந்தா பிஸினஸ் எல்லாம் இப்படித்தான் ஓடுதுன்னு சொன்னாராம்.

நாங்க ரெண்டு பேரும் உக்காந்து உபதேசம் எதுவும் பேசிக்கல. ஒரு ஷீட்ட திறந்து கணக்குப் போட்டோம். சுலபமா புரியற மாதிரி முழு எண்ணா சொல்றேன். 200 கஸ்டமர். ஒரு நாள் சாப்பாடு 100 ரூபா. அதுல பொருள், கேஸ், டெலிவரி எல்லாம் சேர்த்து அடக்கம் 60. ஒருத்தர் மாசத்துல சராசரியா 4 நாள் சாப்பிட மாட்டார்னு வச்சுக்குவோம். ஊருக்குப் போவார், ஆபீஸ்ல ட்ரீட் இருக்கும், உடம்பு சரியில்லாம இருக்கும். மொத்தம் 800 சாப்பாடு, 80,000 ரூபா.

முதல் பார்வைக்கு, நேர்மையா இருந்தா மாசம் 80,000 போச்சுன்னுதான் தெரியும். பயம் வர்றது அந்த நம்பரப் பார்த்துதான். ஆனா லீவு சொல்ற வசதிய ஒளிச்சு வச்சா என்ன ஆகும்? அவர் வர மாட்டார்னு நமக்குத் தெரியாது. சமைப்போம், பேக் பண்ணுவோம், அனுப்புவோம். அது வாசல்லயே கிடந்து கெட்டுப் போகும். அந்த 800 சாப்பாட்டுக்கு அடக்கமே 48,000. மிஞ்சறது 32,000 மட்டும்தான். அதாவது 48,000 ரூபா சோத்தக் குப்பையில கொட்டி 32,000 சம்பாதிக்கிறோம்.

மாத்தி யோசிங்க. 'முந்தின நாள் ராத்திரி 9 மணிக்குள்ள சொல்லிடுங்க, அந்த நாள் காசு அடுத்த மாசத்துல கழிஞ்சிடும்'னு சொன்னா, அந்தச் சாப்பாட்ட சமைக்கவே வேண்டாம். இழப்பு 80,000 இல்ல, 32,000. ஒரு கஸ்டமருக்கு 160 ரூபா. அவர் சாப்பிடற 26 நாளுக்குப் பிரிச்சா ஒரு சாப்பாட்டுக்கு 6 ரூபா சொச்சம். 100 ரூபா சாப்பாட்ட 106-னு வெளிப்படையா போட்டா கணக்கு கிட்டத்தட்ட சரியாயிடும்.

அவன் அப்படித்தான் பண்ணினான். உடனே கூட்டம் அள்ளுச்சுன்னு கதை விட மாட்டேன். 106-ஐப் பார்த்துட்டு சில பேரு பக்கத்துல 100-க்குக் கிடைக்கற இடத்துக்குப் போயிட்டாங்க. மத்தவங்க அவன்கிட்டயே சாப்பிடறாங்க. பிஸினஸ் மெதுவா ஓடிட்டிருக்கு. எனக்கு இதுல புரிஞ்சது இவ்வளவுதான்: நேர்மைக்கு ஒரு விலை இருக்கு, இல்லைன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. ஆனா நாம பயந்துக்கற விலையும், உக்காந்து கணக்குப் போட்டா வர்ற விலையும் பெரும்பாலும் ஒண்ணா இருக்காது.

மதுரையில ஒரு வாடகை வீடு

சரி, 200 பேருக்குச் சாப்பாடு போடற அளவுல இது நடக்கும். பெரிய அளவுல நடக்குமா? இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் சிலிக்கான் வேலியில இல்ல. மதுரை அண்ணாநகர்ல இருக்கு. அரவிந்த் கண் மருத்துவமனை. பேரு எல்லாருக்கும் தெரியும். அது எப்படி ஓடுதுன்னு பல பேருக்குத் தெரியாது.

டாக்டர் ஜி. வெங்கடசாமி, எல்லாரும் டாக்டர் வி-ன்னு சொல்லுவாங்க. இளம் வயசுலயே ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் வந்து விரல் எல்லாம் கோணிப்போச்சு. அந்த விரல்களோடயே கண் அறுவை சிகிச்சை கத்துக்கிட்டாரு. அரசு மருத்துவக் கல்லூரியில வேலை பார்த்து 58 வயசுல ரிட்டயர் ஆனாரு. பேரன் பேத்தியக் கொஞ்சற வயசுல, 1976-ல, தம்பி தங்கச்சிங்க, அவங்க வீட்டுக்காரங்கன்னு குடும்பத்தையே சேர்த்துக்கிட்டு ஒரு வீட்டுல 11 படுக்கையோட ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாரு. வீட்ட அடமானம் வச்சாங்க, நகைய வச்சாங்க. இன்வெஸ்டர் யாரும் இல்ல. இந்தக் கடைசி விஷயத்த மனசுல வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

அங்க எனக்குப் பிடிச்ச முதல் முடிவு: காசு கட்டறதா இலவசமாங்கறத நோயாளியே முடிவு பண்றாரு. வருமானச் சான்றிதழ் கேக்கறதில்ல. நம்ம இன்ஜினியர் மூளை உடனே என்ன சொல்லும்? 'இத எல்லாரும் தப்பா பயன்படுத்துவாங்களே, வெரிஃபிகேஷன் வேணாமா?' வசதி இருக்கற சில பேரு இலவச வரிசைக்குப் போகத்தான் செய்வாங்க. ஆனா அதத் தடுக்க ஒவ்வொருத்தர்கிட்டயும் 'நீ ஏழைன்னு நிரூபி'ன்னு கேட்டா, உண்மையிலயே ஏழையா இருக்கறவர் அவமானப்பட்டு வாசலோட திரும்பிப் போயிடுவாரு. அந்த ரெண்டுல எந்த நஷ்டத்த ஏத்துக்கறதுன்னு அவங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க.

ரெண்டாவது, எங்க சிக்கனம், எங்க சிக்கனம் கூடாதுங்கற முடிவு. காசு கட்டறவருக்கு தனி ரூம், ஏசி எல்லாம் கிடைக்கும். இலவசப் பிரிவுல பொதுவான ஹால், பாய்தான். பார்க்கறதுக்கு பெரிய வித்தியாசம். ஆனா டாக்டர்கள் ரெண்டு பிரிவுலயும் மாத்தி மாத்தி வேலை செய்யறாங்க. அறுவை சிகிச்சை முறையிலகூட வித்தியாசம் உண்டு. காசு கட்டறவங்களுக்குப் பெரும்பாலும் பேகோ மெஷின். இலவசப் பிரிவுல பெரும்பாலும் கையாலயே சின்னதா கீறிச் செய்யற முறை. இந்த ரெண்டாவது முறையில செலவு குறைவு, நேரமும் குறைவு, பார்வை கிடைக்கறதுல பெரிய குறை இல்ல. ஆக, குறைச்சது சௌகரியத்தையும் மெஷின் செலவையும்தான். பார்வையில கை வைக்கல.

நம்ம பிஸினஸ்ல பல நேரம் இது தலைகீழா நடக்குதுன்னு தோணும். ஆபீஸ் லாபியில பளிங்கு, வரவேற்புல காபி மெஷின். கஸ்டமர் போன் பண்ணினா மட்டும் எடுக்கறதுக்கு ஆள் இல்ல.

மூணாவது, லென்ஸ். கண்புரைன்னா கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மங்கிப்போறது. அத எடுத்துட்டு செயற்கை லென்ஸ் வைக்கணும். வைக்க வசதி இல்லாதவங்களுக்கு அந்தக் காலத்துல சோடாபுட்டி கண்ணாடிதான். இறக்குமதி லென்ஸ் ஒண்ணு 100 டாலர் பக்கத்துல. அப்போ இலவசமா வர்றவருக்கு எப்படி வைக்கறது? 1992-ல அவங்களே ஆரோலேப்னு ஒரு தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க. விலை 10 டாலர் அளவுக்கு வந்துச்சு, அப்புறம் இன்னும் இறங்குச்சு. இன்னைக்கு அந்த லென்ஸ் நூத்துக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகுது.

நாலாவது, அறுவை அரங்கம். ஒரு சர்ஜனுக்கு ரெண்டு டேபிள். ஒரு டேபிள்ல அவர் வேலை முடிக்கறதுக்குள்ள அடுத்த டேபிள்ல ஒருத்தர் தயாரா இருப்பாரு. மைக்ரோஸ்கோப்ப அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு அடுத்தத ஆரம்பிப்பாரு. மத்த வேலை எல்லாத்தையும், பெரும்பாலும் சுத்துப்பட்டு கிராமங்கள்ல இருந்து வந்து அங்கயே பயிற்சி எடுத்த பொண்ணுங்க பார்த்துக்கறாங்க. மெக்டொனால்ட்ஸால எங்க போனாலும் ஒரே மாதிரி பர்கர் கொடுக்க முடியுதுன்னா, கண் சிகிச்சைய ஏன் அப்படிக் கொடுக்க முடியாதுன்னு டாக்டர் வி கேட்டுக்கிட்டே இருந்தாராம்.

இப்ப இந்த நாலையும் சேர்த்துப் பாருங்க. ஆஸ்பத்திரியில பெரிய செலவு எது? சர்ஜன், மைக்ரோஸ்கோப், கட்டடம். ஆள் வந்தாலும் வராட்டாலும் அந்தச் செலவு இருக்கும். அதனால எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடக்குதோ, ஒவ்வொண்ணுக்கும் ஆகற செலவு அவ்வளவு குறையும், டாக்டர் கையும் பழகும். அப்போ கிராமத்துல பார்வை இல்லாம உக்காந்திருக்கற பாட்டிய பஸ் வச்சு, சாப்பாடு போட்டு கூட்டிட்டு வர்றது இரக்கம் மட்டும் இல்ல. அது அந்த சிஸ்டத்த ஓட வைக்கற சக்கரமும்கூட. பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகள் இலவசமாவோ ரொம்பக் குறைஞ்ச கட்டணத்துலயோ சிகிச்சை எடுத்துக்கிட்டும், கட்டறவங்க கட்டற காசுல ஆஸ்பத்திரி வளர்ந்துச்சு. நிறையப் பேருக்குப் பார்வை கிடைக்கறதும் கணக்கு நல்லா இருக்கறதும் அங்க ஒரே திசையில போகுது.

இன்னொண்ணு. இந்த முறைய அவங்க பூட்டி வைக்கல. 1992-லயே ஒரு பயிற்சி நிறுவனம் ஆரம்பிச்சு மத்த கண் ஆஸ்பத்திரிகளுக்குக் கத்துக்கொடுத்தாங்க. நம்ம பாஷையில சொன்னா, சோர்ஸ் கோட திறந்து விட்டுட்டாங்க.

நல்ல மனசு மட்டும் போதுமா?

இத மட்டும் சொல்லி முடிச்சா, நல்லவங்க ஆரம்பிச்சா எல்லாம் நல்லா நடக்கும்னு நீங்க நினைச்சுக்குவீங்க. அதனால வேற நாட்டுல இருந்து ஒரு மாற்று உதாரணம்.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல மால்டன் மில்ஸ்னு ஒரு துணி ஆலை. போலார்டெக்னு குளிர் ஜாக்கெட் துணி தயாரிச்சாங்க. 1995 டிசம்பர் 11-ஆம் தேதி ராத்திரி ஆலை தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு. முதலாளி ஏரன் ஃபயர்ஸ்டீனுக்கு 70 வயசு. இன்சூரன்ஸ் காச வாங்கிக்கிட்டு ரிட்டயர் ஆகியிருக்கலாம், ஆலைய கூலி குறைஞ்ச நாட்டுக்கு மாத்தியிருக்கலாம். அவர் ரெண்டும் பண்ணல. வேலை இல்லாம இருந்த தொழிலாளர்களுக்கு வாரக்கணக்குல சம்பளம் கொடுத்தாரு, அதே ஊர்லயே ஆலையத் திரும்பக் கட்டினாரு. நாடே கொண்டாடுச்சு. ஆனா கட்டின கடன் பெருசு, மலிவான துணி போட்டிக்கு வந்துச்சு. 2001-ல கம்பெனி திவால் மனு போட்டுச்சு. கம்பெனியும் அவர் கைய விட்டுப் போச்சு.

அவர் பண்ணினது தப்புன்னு எனக்குத் தோணல. அந்தக் குடும்பங்களுக்கு அந்தச் சம்பளம் உண்மையான சம்பளம். ஆனா அந்த நல்லது ஒரு மனுஷனோட மனசுல இருந்துச்சு, அந்த பிஸினஸ் காசு சம்பாதிக்கற முறையில இல்ல. அதனால ஒரு கெட்ட காலத்த அதால தாண்ட முடியல. டாக்டர் வி 2006-ல காலமானாரு. அரவிந்த் இன்னைக்கும் ஓடுது. ரெண்டு பேருமே நல்லவங்கதான். ஒருத்தரோட நேர்மை அவரோட தினசரி வேலை முறைக்குள்ளயே எழுதப்பட்டிருந்துச்சு.

இன்வெஸ்டர் இல்லைன்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு வர்றேன். 'அது ஆஸ்பத்திரி, நாங்க ஸ்டார்ட்அப்'னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில். அரவிந்த்ல யாரும் 'அஞ்சு வருஷத்துல பத்து மடங்கு ஆக்கிக் காட்டு'ன்னு கேக்கல. வளர்ச்சி மெதுவா வந்தாலும் சரின்னு இருந்துச்சு. ஃபண்டிங் வாங்கறது பாவம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா யார்கிட்ட காசு வாங்கறீங்க, எவ்வளவு நாள்ல எவ்வளவு திருப்பித் தர்றதா சொல்றீங்கங்கறதுதான், பிற்பாடு அந்த கேன்சல் பட்டன் எங்க இருக்கணும்னு முடிவு பண்ணும். கையெழுத்துப் போடற அன்னைக்கே பாதி முடிவாயிடும்.

நம்ம கையில இருக்கறது

நீங்க முதலாளி இல்ல, சம்பளத்துக்கு வேலை பார்க்கறீங்க, ஈஎம்ஐ இருக்குன்னா? எல்லாத்துக்கும் ராஜினாமா பண்ணச் சொல்ல மாட்டேன். சின்னதா ஒண்ணு பண்ணலாம். அடுத்த ஃபீச்சர் மீட்டிங்ல, 'இந்த நம்பர் ஏறினா, யாருக்கு என்ன குறையும்?'னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கேட்டத மீட்டிங் குறிப்புல எழுதி வையுங்க. கேள்வி எழுத்துல இருந்தா, அடுத்து பேசறவர் அதுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும். டார்க் பேட்டர்ன் விதிமுறை வந்ததுக்கு அப்புறம் 'இது அந்த 13-ல வருமா?'ன்னு கேக்கறதுக்கு சட்டமும் உங்க பக்கம் இருக்கு.

சொந்தமா ஆரம்பிக்கற எண்ணத்துல இருந்தீங்கன்னா, பேர், லோகோ, பிட்ச் டெக் எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு பேப்பர்ல மூணு கேள்விக்குப் பதில் எழுதிடுங்க. கஸ்டமருக்கு எல்லாம் தெரிஞ்சா என் வருமானம் குறையுமா? காசு பத்தலைன்னா எதுல கை வைப்பேன், எதுல வைக்கவே மாட்டேன்? நான் இல்லாத ஒரு நாள், நல்ல மனசு இல்லாத ஒருத்தர் என் சீட்டுல உக்காந்தாலும் இந்த பிஸினஸ் நேர்மையா ஓடுமா?

மூணாவது கேள்விதான் கஷ்டம். அதுக்குப் பதில் எழுத ஒரு சாயங்காலம் பத்தாது. பரவாயில்ல, எடுத்துக்குங்க. மரக்கன்னு அப்புறமா நட்டுக்கலாம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.